சாதி கேட்காத நாலு வீடு: சென்னையிலிருந்து சிறுநகருக்குக் குடிபோகிறவர்களுக்கு

வங்கிக் கிளை மாற்றல், கல்லூரி வேலை, பனியன் கம்பெனியில் மேலாளர் பதவி, அரசுப் பணியில் முதல் நியமனம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சென்னையை விட்டு மேற்கு மாவட்டத்திலோ தென்மாவட்டத்திலோ ஒரு சிறுநகருக்குப் போகப்போகிறீர்கள். நீங்கள் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவராக இருக்கலாம். சாமி கும்பிடாதவராகவோ தனியாக வாழும் பெண்ணாகவோ இருக்கலாம். போகிற ஊரில் மனம்விட்டுப் பேச யாராவது கிடைப்பார்களா என்ற பயம் இருக்கும். அந்த ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

சென்னையில் சாதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கேயும் ‘சைவம் மட்டும்’ என்று வாடகைப் பலகை தொங்குகிறது. ஆனால் பெரிய ஊரில் கூட்டத்தோடு கரைந்துவிடலாம். சிறுநகரில் மூன்றாம் நாளே பால்காரருக்கு உங்களைத் தெரிந்துவிடும், பத்தாம் நாள் உங்களைப் பற்றித் தெருவுக்கு ஒரு முடிவு இருக்கும்.

பெரும்பாலோர் முதலில் வீடு பார்க்கிறார்கள், பிறகு பள்ளி, பிறகு கேஸ் இணைப்பு. ஆட்களைத் தேடுவது கடைசிக்குப் போய்விடுகிறது. இந்த வரிசை தப்பு. தெரியாத ஊரில் தரகர் காட்டிய வீட்டில் குடியேறினால், அந்தத் தெருதான் உங்கள் உலகம் என்று ஆகிவிடும். முதலில் ஆட்கள், அவர்கள் வழியாக வீடு, அதன் பிறகு பள்ளி. பெரிய அமைப்போ பெருங்கூட்டமோ தேவையில்லை. நாலு வீடு போதும். நள்ளிரவில் காய்ச்சல் என்றால் வண்டி எடுத்து வருகிற வீடு, சாவி கொடுத்துவிட்டுப் போகிற வீடு, பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற வீடு, மனசு சரியில்லாத நாளில் போய் உட்காருகிற வீடு.

1. உத்தரவு கைக்கு வந்த வாரமே தொலைபேசியை எடுங்கள்

குடிபோவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் சில அமைப்புகளுக்குக் கிளைகளோ தொடர்பாளர்களோ இருக்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச), தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றம், பெரியார் இயக்கங்கள், அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் ஆகியவை முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. வங்கி, காப்பீடு, தபால், ஆசிரியர் தொழிற்சங்கங்களையும் விட்டுவிடாதீர்கள். அந்தந்த ஊரில் யார் எப்படிப்பட்டவர் என்று பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிற ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள்.

சென்னையில் தெரிந்தவர்களிடம் கேட்கும்போது, “அங்கே நம்மள மாதிரி ஆளுங்க இருக்காங்களா?” என்று கேட்காதீர்கள். “இருப்பாங்க, பார்ப்போம்” என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். “அந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம் போடறது யாரு? அவர் நம்பர் கிடைக்குமா?” என்று கேளுங்கள்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் கேட்டு மூன்று பெயர் வாங்குங்கள். மூவரும் ஒரே ஆளைச் சொன்னால் நல்லது. ஊரின் எல்லா நூலும் அவர் வழியாகத்தான் ஓடுகிறது என்று அர்த்தம். பல ஊர்களில் அப்படி ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், தமிழ்த்துறைப் பேராசிரியர், எல்ஐசி முகவர், ஹோமியோபதி மருத்துவர் என்று யாராகவும் இருப்பார். ஆனால் அவர் ஒருவரோடு நின்றுவிடாதீர்கள். அவருக்கு வேண்டாதவர்கள் யாரோ அவர்களை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

2. வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை போய்வாருங்கள்

வெள்ளி இரவு பேருந்தில் ஏறி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊரில் இருந்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டு பேருக்குப் பேருந்து, சாதாரண விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகும். இதை மிச்சம் பிடிக்க நினைத்து, பிடிக்காத தெருவில் முன்பணத்தை முடக்கியவர்கள் நிறைய. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இரண்டாம் சனியன்றும் பல இடங்களில் பூட்டியிருக்கும். அந்தச் சனியைத் தவிர்த்துவிடுங்கள்.

சனி காலை நேராக நூலகத்துக்குப் போங்கள். நாளிதழ் மேசையில் அரை மணி நேரம் உட்காருங்கள். யார் வருகிறார்கள், யாரோடு யார் பேசுகிறார்கள், பெண்கள் உள்ளே வருகிறார்களா அல்லது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மட்டும்தானா என்று பாருங்கள். அறிவிப்புப் பலகையில் பழைய துண்டறிக்கைகள் குண்டூசியில் தொங்கும். அவற்றின் அடியில் இருக்கும் பெயர்களையும் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நூலகரிடம் ஒரே ஒரு கேள்வி: “வாசகர் வட்டத் தலைவர் யாருங்க?” அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒரு குழு இருக்கும். சில ஊரில் அது பெயருக்குத்தான். சில ஊரில் மாதந்தோறும் கூடும். நூலகர் பதில் சொல்லும் விதத்திலேயே எது என்று தெரிந்துவிடும்.

மாலையில் புத்தகக் கடை. மாவட்டத் தலைநகர் என்றால் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அல்லது பாரதி புத்தகாலயத்தின் கிளை இருக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் புத்தகம் விற்கும் தனிக்கடை ஏதாவது இருக்கும். இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டு கல்லாவில் பேச்சுக் கொடுங்கள். இந்த ஊரில் யார் என்ன படிக்கிறார்கள் என்று கடைக்காரருக்குத்தான் தெரியும்.

நடக்கும்போது சுவர்களையும் படியுங்கள். சங்கப் பலகைகள், கொடிக்கம்பங்கள், குருபூஜைச் சுவரொட்டிகள், கல்யாண ஃபிளெக்ஸில் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கும் பட்டங்கள், பள்ளி விடும் நேரத்தில் பையன்கள் சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம் எல்லாம் தகவல்தான். இவை கண்ணில் பட்டதாலேயே ஊரை ஒதுக்க வேண்டாம். எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம், எதில் கூடாது என்று சொல்லிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

3. வீடு

இங்கேதான் அதிகம் அடிபடுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

யாரும் நேரடியாகச் சாதி கேட்பதில்லை. சுற்றி வளைத்துக் கேட்பார்கள். “உங்களுக்குச் சொந்த ஊர் எது?” “அங்க எந்தத் தெரு?” “குலதெய்வம் எங்க இருக்கு?” கொங்குப் பக்கம் என்றால் “எந்தக் கூட்டம்?” என்று குலப்பிரிவைக் கேட்பார்கள். தெற்கே சிலர் “நீங்க என்ன ஆளுங்க?” என்று பட்டென்று கேட்டுவிடுவார்கள். “சைவமா அசைவமா?” என்பதும் பல இடங்களில் சமையலைப் பற்றிய கேள்வி அல்ல. அங்கே போய் நிற்கும்போது தடுமாறக் கூடாது. என்ன சொல்வது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து தங்கும் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் மறுத்த கேள்விக்கு உங்கள் அத்தை மாடியில் துணி காயப்போடும்போது பதில் சொல்லிவிட்டால் பாடு வீண்.

பொய் மட்டும் சொல்லாதீர்கள். வேறு சாதிப் பெயர் சொல்லி வீடு பிடித்தால் ஆறு மாதத்துக்குள் வெளிவந்துவிடும். உறவினர் வருவார்கள், கடிதம் வரும், பிள்ளையின் சான்றிதழ் வரும். “பொய் சொல்லி வந்தவங்க” என்று வீட்டுக்காரர் சொன்னால் ஊரே அவர் பக்கம் நிற்கும், உங்களுக்காகப் பேச வந்தவர்களும் வாயடைத்துப் போவார்கள். பதில் சொல்ல மறுப்பதில் அந்த ஆபத்து இல்லை. “நாங்க அதெல்லாம் பார்க்கறதில்லைங்க. வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, போன வீட்டுக்காரர் நம்பர் எல்லாம் தர்றோம், விசாரிச்சுக்குங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். பத்தில் ஆறு வீடு அத்தோடு மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தே போங்கள். மூடிய கதவு பின்னால் வரவிருந்த சண்டையைத் தவிர்த்த கதவு.

எங்கே தேடுவது? வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், அரசு ஊழியர் நகர், வங்கி ஊழியர் காலனி, ரயில்வே குடியிருப்பை ஒட்டிய தெருக்கள், கல்லூரி, மருத்துவமனையைச் சுற்றிய பகுதிகள். இங்கெல்லாம் பல ஊர்க்காரர்கள் கலந்து இருப்பார்கள், மாற்றலாகி வருவதும் போவதும் பழகிப்போயிருக்கும். பழைய ஊருக்குள் ஒரே சமூகத்தார் வாழும் தெருக்களில் வாடகை குறைவு என்று மயங்காதீர்கள். ஊருக்கு வெளியே புதிய மனையில் தனியாக நிற்கும் வீடும் வேண்டாம். கேள்வி கேட்க ஆள் இருக்காது, ஆனால் கூப்பிட்டால் வரவும் ஆள் இருக்காது. வீட்டுக்காரர் மாடியிலோ கீழேயோ குடியிருந்தால், கறி சமைப்பது, இரவு பத்து மணிக்கு மேல் நண்பர்கள் வருவது ஆகிய இரண்டையும் முன்பணத்துக்கு முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

செலவுக் கணக்கு: தரகருக்கு வழக்கமாக ஒரு மாத வாடகை. நாலு பேர் வழியாக வீடு கிடைத்தால் இது மிச்சம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2019இல் நடைமுறைக்கு வந்தது) எழுத்து மூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. நடப்பில் ஐந்து, பத்து மாதம் கேட்பவர்கள் உண்டு. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, சட்டம் தெரியும் என்று காட்டிப் பேரம் பேசுவது பலன் தரும். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

4. சென்னையை விட்டுக் கிளம்புமுன் முடிக்க வேண்டிய தாள்கள்

திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் அதைச் சென்னையிலேயே முடியுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. அதுவும் தாண்டியிருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிய முடியுமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் தயங்க வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7அ பிரிவு அதை முழுச் சட்டத் திருமணமாகவே ஏற்கிறது.

இனிமேல்தான் திருமணம், அதுவும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் என்றால் நாள்களை எண்ணிப் பாருங்கள். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு 30 நாள் அறிவிப்பு. பலருக்குத் தெரியாத கண்ணி ஒன்று இதில் இருக்கிறது. உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அறிவிப்பின் நகல் அந்த மாவட்டத்துப் பதிவு அலுவலகத்துக்கும் போய்ப் பலகையில் ஒட்டப்படும். சொந்த ஊரில் எதிர்ப்பு இருப்பவர்கள் வழக்கறிஞரைப் பார்க்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

திருமணச் சான்றிதழை மூன்று நகல் எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று சென்னையில் நம்பகமான நண்பரிடம், ஒன்று போகிற ஊரின் நாலு வீட்டில் ஒன்றில்.

குடும்ப அட்டையில் கவனம் தேவை. புதிய அட்டைக்கு, பெற்றோர் வீட்டு அட்டையிலிருந்து உங்கள் பெயரை நீக்க வேண்டும். அந்த மாற்றம் அங்கே தெரியாமல் போகாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டார் அறியக் கூடாத நிலை என்றால் இதைத் தள்ளிப்போடுங்கள். பழைய முகவரிக்குப் போகும் வங்கிக் கடிதம், காப்பீட்டு அறிவிப்பு எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 போதும். விசாரிக்க வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் கேட்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

மிரட்டல் உண்மையிலேயே இருப்பவர்களுக்கு: 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உங்களுக்காகத்தான். காவல் கண்காணிப்பாளர், மாவட்ட சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய, சாதி மறுப்பு இணையருக்கு வரும் மிரட்டல் புகார்களைக் கவனிக்கும் சிறப்புப் பிரிவு மாவட்டந்தோறும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே வழக்கறிஞர் ஒருவரோடு கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். மனு பெற்றதற்கான ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வாய்ச்சொல்லாக “பார்த்துக்கறோம், போங்க” என்பது பின்னால் எதற்கும் உதவாது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

கலப்புத் திருமண நிதியுதவி பற்றியும் ஒரு வார்த்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டத்தில் பட்டம் அல்லது பட்டயம் படித்தவர்களுக்கு 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 25,000 ரூபாய், இரண்டிலும் தாலிக்கு 8 கிராம் தங்கம். திருமணமாகி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். களவிசாரணைக்கு ஆள் வருவார்கள். தெருவில் இன்னும் சொல்லாதவர்கள், விசாரணை எந்த முகவரியில் நடக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. முதல் மூன்று மாதம்: நாற்காலி போடுங்கள்

போன கையோடு உங்கள் கருத்துகளை அறிவிக்காதீர்கள். வேலை செய்யுங்கள். சிறுநகரக் கூட்டம் எதுவாக இருந்தாலும் ஆறு மணி என்று போட்டிருப்பார்கள், ஆறே முக்காலுக்குத் தொடங்கும். நீங்கள் ஐந்தரைக்கே போய்விடுங்கள். மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் மைக் செட்காரரோடு வாதாடுவார், ஒருவர் பேனரின் நாலாவது மூலைக்குக் கயிறு தேடுவார், ஒருவர் தட்டி விரித்து நாற்காலி இறக்குவார். அந்த நாற்காலியின் மறுமுனையைப் பிடியுங்கள். பெயர் கேட்பார்கள், வேலை கேட்பார்கள், அடுத்த கூட்டத்துக்கு அவர்களே போன் செய்வார்கள். மேடைப் பேச்சு முடிந்த பிறகு டீக்கடையில் நடப்பதுதான் அசல் கூட்டம். பேச்சாளர் பேருந்து ஏறியதும் கிளம்பிவிடுபவர்களுக்கு அந்த ஊர் கடைசிவரை பிடிபடாது.

பெண்களுக்கு இங்கே ஒரு தடை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. முற்போக்கு வட்டங்கள் பலவும் ஆண்கள் வட்டங்களே. கூட்டம் முடிய இரவு ஒன்பது ஆகும், டீக்கடை பெஞ்சில் பெண் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் பெண்கள் வேறு வாசலில் நுழைவது நல்லது. மாதர் சங்கம், ஆசிரியர் சங்கம், பகல் நேர நூலக நிகழ்ச்சி, குழந்தைகளுக்கான வேலைகள். ஆண் துணையோடு போகிறவர்கள், மூன்றாவது சந்திப்பிலேயே “அடுத்த தடவை எங்க வீட்டுல, குடும்பத்தோட வாங்க” என்று கூட்டத்தை வீட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

கருத்துப் பேசாமலே ஆட்களைக் காட்டும் வேலைகள் பல உண்டு. அறிவியல் இயக்கத்தின் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் ஆய்வுகளுக்கு வழிகாட்ட ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இன்னொன்று. விடியற்காலையில் ஏரிக்கரையில் இருநோக்கியோடு நிற்பவர் உங்கள் குலதெய்வத்தைக் கேட்க வாய்ப்புக் குறைவு. மாவட்டப் புத்தகத் திருவிழா எல்லாவற்றிலும் சிறந்தது. ஈரோட்டில் ஆகஸ்டில் நடப்பதைப் போல ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாதம் உண்டு. தன்னார்வலராகப் பெயர் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த மாவட்டத்தில் படிக்கிறவர்கள் எல்லாரும் உங்கள் முன்னால் நடந்து போவார்கள்.

நூலகத்தில் உறுப்பினர் ஆகச் செலவு சொற்பம். ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம். பல நூலகங்களில் புரவலர் பெயர்களைப் பலகையில் எழுதுவார்கள். ஊருக்கு நீங்கள் யார் என்று சொல்ல இதைவிட மரியாதையான வழி குறைவு. முகவரி வெளியே தெரியக் கூடாதவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கவும்.

நன்கொடைச் சீட்டும் மாநாட்டு மலர் விளம்பரமும் உடனே வரும். மாதம் 500 ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொஞ்சம் கொடுங்கள். அரசு ஊழியர்கள் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். அரசியல் கட்சியில் உறுப்பினர் ஆவதும் அதற்கு நிதி தருவதும் கூடாது. யாருக்கும் பொதுவான யோசனை ஒன்று: மூன்று அமைப்புகளின் கூட்டத்துக்காவது போய்ப் பார்த்த பிறகே ஒன்றில் அட்டை வாங்குங்கள். முதல் மாதமே ஒரு கொடியின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டு கதவும் பாதி மூடிவிடும். வாட்ஸப் குழுக்களில் அக்கம்பக்கத்தாரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது மறுநாளே அவர்கள் கைப்பேசியில் இருக்கும்.

6. ஆளை எடைபோடுவது

மேடைப் பேச்சை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்த டம்ளரில் காப்பி தருகிறார்கள்? வீட்டுப் பெண்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறார்களா, தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்களா? மகளுக்கு வரன் பார்க்கும்போது என்ன விளம்பரம் கொடுத்தார்கள்? உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று மூன்று முறை தள்ளிப்போடுகிறாரா? டம்ளரும் சாப்பாட்டு அழைப்பும் பொய் சொல்லாது.

மறுபக்கமும் உண்மை. விடியும் முன் கோலம் போட்டு, மார்கழி முழுக்கக் கோயிலுக்குப் போகும் எதிர்வீட்டு அக்கா உங்கள் நாலு வீட்டில் ஒன்றாக அமையலாம். வீட்டுக்காரர் கத்தும்போது “அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு?” என்று தெருவில் நின்று கேட்பவர் அவராகவே இருப்பார். சாமி கும்பிடுகிறார் என்பதற்காக யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

7. பள்ளி

ஏப்ரல், மே மாதச் சேர்க்கைக்கு முன் இதை முடிவு செய்யுங்கள். சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் சாதியிலோ தந்தையின் சாதியிலோ சான்றிதழ் பெறலாம். சேர்க்கைப் படிவத்தில் சாதி, மத இடத்தை வெற்றாக விட 1973இலிருந்தே அரசாணை இருக்கிறது. அலுவலக எழுத்தர் “கட்டாயம் எழுதணும்” என்பார். அரசாணை நகலைக் கையில் வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். ஆனால் வெற்றாக விட்டால் இடஒதுக்கீடு கிடையாது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெற்றோர் ஒருவர் இருந்தால், கொள்கைக்காகப் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டி வந்தால் என்ன செய்வீர்கள்? வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்று எப்படி முடிவாகிறது? 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில் கயிற்றுக்குத் தடையும் அகர வரிசை இருக்கையும் பரிந்துரைகளாக இருக்கின்றன. கேள்வியைக் கேட்டதும் தலைமையாசிரியர் முகம் மலர்ந்தால் அந்தப் பள்ளியில் சேருங்கள்.

8. கொடை, கல்யாணம், சாவு

தெற்கே கோயில் கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, வீடு வீடாக வரி வாங்குவார்கள். வரி அந்தச் சமூகத்து வீடுகளுக்கு. நன்கொடை எல்லாருக்கும். உங்களிடம் வரி கேட்டால் உங்களை அவர்கள் ஆள் என்று கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். “வரி வேண்டாம்ங்க, நன்கொடைன்னு எழுதிக்குங்க” என்று இருநூறோ ஐநூறோ கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அழைப்பு வந்த கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுங்கள். மொய் நோட்டில் பெயர் ஏறிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு உங்களிடம் ஒரு கடன் உண்டு. அவர்கள் அதை மறப்பதில்லை. எல்லாவற்றிலும் முக்கியம் துக்க வீடு. அழைப்பு தேவையில்லை. செருப்பைத் தெருவில் விட்டுவிட்டுப் போய், பந்தலில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அந்த வீட்டில் ஒருவர் வாழ்நாள் முழுக்க உங்களை நினைவில் வைத்திருப்பார்.

9. ஒன்பதாம் மாதக் கணக்கு

முதல் மாதம் யாரும் கிடைக்கவில்லை என்று தளர வேண்டாம். மூன்றாம் மாதம் முகம் தெரிந்த பத்துப் பேர், ஆறாம் மாதம் வீட்டுக்கு வந்துபோகும் இரண்டு பேர். இந்த அளவுக்கு நடந்தால் நல்ல வேகம்தான். அதுவரை மாதம் ஒருமுறை பக்கத்துப் பெருநகருக்கு, கோவைக்கோ மதுரைக்கோ திருச்சிக்கோ, ஒரு கூட்டமோ நாடகமோ பார்த்துவிட்டு வருவதற்கு வரவுசெலவில் ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். அதைச் செலவாக நினைக்காமல் மருந்தாக நினையுங்கள்.

வாடகை ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதம். ஒன்பதாம் மாதம் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் நாலு வீட்டின் பெயரை எழுதிப் பாருங்கள். தாள் நிரம்பியிருந்தால் அதே வீட்டைப் புதுப்பியுங்கள். இரண்டு பெயரோடு நின்றால், அந்த இரண்டு பேர் குடியிருக்கும் பகுதிக்கு வீடு மாற்றுங்கள். இப்போது தரகர் தேவைப்படாது. காலி செய்வதாக எழுத்து மூலம் இரண்டு மாதம் முன்பே தெரிவியுங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது பல ஊர்களில் வழக்கம். குடியேறிய முதல் நாளே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தால் அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள்.